பீஜிங் போகும் வழியில் டாக்கா

இன்றைய வங்கதேசமான கிழக்குப் பாகிஸ்தானின் டாக்கா நகரிலிருந்த அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் தலைவர் ஆர்ச்சர் பிளட், 1971 ஏப்ரல் 6 அன்று வாஷிங்டனுக்கு ஒரு தந்தி அனுப்பினார். டாக்காவில் பணியாற்றிய 20 அமெரிக்கர்கள் அதில் கையொப்பமிட்டிருந்தார்கள். மார்ச் 25 இரவு பாகிஸ்தான் ராணுவம் தொடங்கிய வேட்டையை அருகிலிருந்து பார்த்தவர்கள் அவர்கள். தேர்தலில் வென்ற கட்சியைத் துப்பாக்கியால் நசுக்குகிறார்கள், நம் அரசோ கண்டிக்கக்கூட மறுக்கிறது என்பதே தந்தியின் சாரம். சம்பளம் தரும் அரசிடமே அறம் தவறிவிட்டீர்கள் என்று சொல்ல நெஞ்சுரம் வேண்டும். பிளட் விரைவிலேயே டாக்காவிலிருந்து மாற்றப்பட்டார்.

ஆக, அதிபர் நிக்சனுக்கு விவரம் எட்டவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. இப்போதைக்குப் பாகிஸ்தான் அதிபர் யாஹியா கானை நெருக்க வேண்டாம் என்று அவர் தம் கையாலேயே குறிப்பெழுதினார்.

காரணம் சீனா. இருபது ஆண்டுகளாகத் தூதரக உறவற்றுக் கிடந்த அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் இடையே ரகசியத் தூது போனவர் யாஹியா. ஜூலையில் பாகிஸ்தான் வந்த நிக்சனின் ஆலோசகர் ஹென்றி கிசிங்கர், வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுப் பத்திரிகையாளர் கண்ணில் படாமல் பீஜிங்குக்குப் பறந்தார். அணு ஆயுத வல்லரசுகளின் பகை தணிந்தால் உலகத்துக்கே நன்மை. அதற்காகச் சில மாதம் வாய்மூடி இருக்கக்கூடாதா என்பது நிக்சன் தரப்பின் வாதம். இது அற்பமான வாதம் அல்ல. இந்தியாவுக்குத் தப்பியோடிய வங்காள அகதிகளுக்கு அமெரிக்கா பெருமளவு உதவிப்பணம் தந்ததும் உண்மை.

ஆனால் அந்த நன்மைக்கு விலை கொடுத்தது யார்? வங்காளிகள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. தன் நாட்டின் நலனுக்காகத் தன் மக்களைத் தியாகம் செய்யச் சொல்லும் தலைவர் அடுத்த தேர்தலில் அவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். டாக்காவில் செத்தவனுக்கு அமெரிக்காவில் ஓட்டு இல்லை.

இன்னொன்றும் இடிக்கிறது. பீஜிங்குக்குப் பாகிஸ்தான் ஒன்றே வழியாக இருக்கவில்லை. ருமேனியா மூலமும் செய்திகள் போய்வந்தன. அதைவிட முக்கியம், ஜூலையில் கதவு திறந்துவிட்டது. அதற்குப் பிறகும் யாஹியாவைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் என்ன? அகதிகள் எண்ணிக்கை ஒரு கோடியை நெருங்கியபோதும் நிக்சன் மாறவில்லை. டிசம்பரில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் போர் மூண்டதும், சட்டப்படி கூடாது என்று அதிகாரிகள் எச்சரித்தும், ஜோர்டானிடமிருந்த அமெரிக்கப் போர் விமானங்கள் பாகிஸ்தானுக்குப் போக மறைமுகமாகப் பச்சைக்கொடி காட்டினார். என்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பலை வங்காள விரிகுடாவுக்கு ஏவினார். ராஜதந்திரத் தேவை தீர்ந்தபின் மிஞ்சியது யாஹியா மீதிருந்த நட்பும் இந்தியப் பிரதமர் இந்திரா காந்தி மீதிருந்த வெறுப்பும்தான். உயிர்களை அந்தத் தராசில் நிறுத்ததற்கு எந்த நியாயமும் கிடையாது.

டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. 1972 பிப்ரவரியில் நிக்சன் பீஜிங்கில் மாவோவைச் சந்தித்தார். வங்கதேசத்தை அமெரிக்கா அங்கீகரிக்க ஏப்ரல் 4 வரை ஆயிற்று.