ஒன்று குறைந்தால்

மனிதனை வெறும் எண்ணாக்குவது பாவம் என்று நாம் நெடுங்காலமாகப் பேசியும் எழுதியும் வருகிறோம். விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்றவர்களைக் கிராணியார் செக்ரோலில் ஆள்கணக்காகக் கண்டாரேயன்றி மனிதராகக் கண்டாரில்லை என்பது பீடோங், சுங்கைப்பட்டாணி, கூலிம் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்தோர் நன்கறிந்த மனக்குறை. ஆயினும், இதில் எண் செய்த குற்றம் யாது?

இங்கிலாந்தில் நோயுற்றிருந்த கணிதமேதை இராமானுசனைக் காணவந்த பேராசிரியர் ஹார்டி, தாம் ஏறிவந்த வாடகை வண்டியின் எண் 1729 என்றும், அது சுவையற்ற எண்ணாகத் தோன்றிற்று என்றும் கூறினார். இராமானுசன் உடனே மறுத்தார். இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இருவேறு வழிகளில் எழுதத்தக்க எண்களுள் மிகச் சிறியது அதுவே என்றார். 12-இன் கனமாகிய 1728-உடன் 1-இன் கனத்தைக் கூட்டினால் 1729. 10-இன் கனமாகிய 1000-உடன் 9-இன் கனமாகிய 729-ஐக் கூட்டினாலும் 1729. மூன்று வழிகளில் அவ்வாறு எழுதத்தக்க மிகச் சிறிய எண் 87,539,319 என்பது 1957-இல் கண்டறியப்பட்டது. அதனினும் சிறிய எந்த எண்ணுக்கும் அப்பண்பு இல்லை. ஆகவே, எட்டேமுக்கால் கோடி அலகுகளுள் ஒன்றே ஒன்றை நீக்கினாலும் அப்பண்பு அழிந்துவிடும். எண்ணை உண்மையாக மதிப்பவன் எந்த ஒன்றையும் அலட்சியம் செய்யமாட்டான்.

இனி, நம் வரலாற்றை நோக்குவோம். 1942, 1943-ஆம் ஆண்டுகளில் சப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இரயில் பாதை அமைத்தனர். மலாயாத் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் அங்குக் கொண்டுசெல்லப்பட்டனர்; கெடாத் தோட்டத்தாரும் அவருள் அடங்குவர். மாண்ட போர்க் கைதிகள் பலரின் பெயர்கள் காஞ்சனபுரிக் கல்லறைகளில் பொறிக்கப்பட்டுள்ளன. மாண்ட தமிழர் தொகையோ நூலுக்கு நூல் வேறுபடுகிறது. சுழியங்களில் முடியும் அந்த உத்தேசத் தொகைகள், எண்ணுவாரின்றி அவர்கள் மடிந்தமைக்குச் சான்று.

எண்ணின் அலகுகள் ஒன்றையொன்று ஒத்தவை, மனிதர் அத்தகையரல்லர் என ஒருவர் மறுக்கலாம். மறுப்பு நியாயமானதே. செக்ரோலிலும் கணக்குப் பிழையாதிருந்தது. ஓராள் வராவிடில் ஓராள் கூலி குறைந்தது. எனவே, பிழையின்றி எண்ணுதல் மட்டும் அறமாகிவிடாது.

எண்ணையும் எழுத்தையும் இரு கண்கள் எனப் போற்றினர் நம் முன்னோர். எண் ஒருவரையும் விடாது கணக்கெடுக்கும். எழுத்து அவரவர் பெயரைக் காக்கும். பெரட்டுக் களத்தில் ஒரு கண்ணே திறந்திருந்தது. சயாம் காட்டில் இரு கண்களும் மூடிக்கிடந்தன.

சயாமுக்குப் போய்த் திரும்பாத பாட்டனாரின் பெயரைச் சொல்லத்தக்க குடும்பங்கள் நம்மிடையே இன்றும் உள்ளன. அப்பெயரையும், அவர் வாழ்ந்த தோட்டத்தையும் கேட்டு எழுதிவைப்பது நம் கடமை. மொத்தத் தொகை இனி ஒருபோதும் முழுமையாகாது என்பது உண்மையே. எனினும், எழுதப்படும் ஒவ்வொரு பெயராலும் அதில் ஒன்று உறுதிப்படும். அந்த ஒன்று சிறிதன்று.