மலிவு வாடகை யாருடைய பங்கு?

கோடை விடுமுறையில் ஊட்டிக்கும் முதுமலைக்கும் போக வண்டி பேசுகிறவர்கள் நாலைந்து இடங்களில் விலை கேட்டு, ஆகக் குறைவாகச் சொன்னவருக்கு முன்பணம் கொடுக்கிறார்கள். இதில் அறம் சார்ந்த கேள்வி ஏதும் இருப்பதாக யாருக்கும் தோன்றுவதில்லை. செலவைக் குறைப்பதை நம் வீடுகள் நல்லொழுக்கமாகவே போற்றுகின்றன, போற்றத்தான் வேண்டும். ஆனால் குறைந்த பணம் எங்கிருந்து குறைந்தது என்று பாராமல் அதை நல்லொழுக்கத்தில் சேர்த்துவிட முடியாது. தன் தேவையைச் சுருக்கி மிச்சம் பிடிப்பவர் தன் பங்கிலிருந்து எடுக்கிறார். தேவை அப்படியே இருக்க விலையை மட்டும் சுருக்கினால், அந்த மிச்சம் பெரும்பாலும் இன்னொருவரின் தூக்கத்திலிருந்தோ பாதுகாப்பிலிருந்தோ வருகிறது.

வாடகை எப்படிக் குறைகிறது என்று பார்த்தால் இது விளங்கும். டீசல், டயர், பெர்மிட், இன்சூரன்ஸ் எதுவும் பேரத்துக்கு மசியாது. மசியக்கூடியவை இரண்டுதான்: ஓட்டுநரின் உடம்பு, சட்டத்தின் வரம்பு. சென்னையில் இரவு கிளம்பி 500 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, விடியலில் மேட்டுப்பாளையம் தொட்டு, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, அன்று பகலிலேயே தொட்டபெட்டா, பைக்காரா என்று சுற்றிக் காட்டினால் ஒரு நாள் வாடகை மிச்சம். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளருக்கு நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை என்று 1961-ஆம் ஆண்டிலேயே சட்டம் சொன்னது. பேரம் பேசும் இடத்தில் அதை யாரும் நினைப்பதில்லை. இரவில் பயணிகள் அறைக்குள் போனபின், அந்தக் குளிரில் ஓட்டுநர் முன்சீட்டைச் சாய்த்துப் படுக்கிறார். விடுதிகள் விருந்தினரின் ஓட்டுநர்களுக்குப் படுக்கையும் கழிப்பறையும் கொண்ட இடம் தர வேண்டும் என்று 2023-இல் தமிழக அரசு கட்டட விதிகளையே திருத்த வேண்டி வந்தது. இந்த நிலை எவ்வளவு பரவலானது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. இன்னொரு வகை மலிவு ஓன் போர்டு வண்டி, அதாவது வெள்ளைப் பலகை மாட்டிய சொந்த உபயோகக் கார். டாக்சிக்கு மஞ்சள் பலகை, நாமே ஓட்டிச் செல்லும் வாடகைக் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து என்பது விதி. வெள்ளைப் பலகைக் காருக்கு பெர்மிட் செலவு இல்லாததால் வாடகை குறைகிறது. ஆனால் சொந்த உபயோகத்துக்கு எடுத்த இன்சூரன்ஸ் வாடகை ஓட்டத்துக்குச் செல்லாது. விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுக்காக அலையப்போகிறவர்களில் எதிரே வந்த வண்டிக்காரரும் இருப்பார். அவருக்கு இந்த மலிவில் ஒரு ரூபாய்கூடப் பங்கில்லை.

விலை கொடுத்து வாங்குபவருக்கும் வினையில் பங்கு உண்டா என்பது தமிழில் மிகப் பழைய விவாதம். கொல்பவர் ஒருவர், வாங்கி உண்பவர் வேறொருவர் என்று பிரித்த பௌத்தர்களை நீலகேசி என்னும் சமணக் காப்பியம் விடாமல் மறுக்கிறது. புலால் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவரும் வாங்குபவரையே பொறுப்பாக்குகிறார். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றையும் வினையாகவே எண்ணுவது சமண அறம். இறைச்சியைப் பற்றி எழுந்த அந்த வாதம் வாடகைக்கும் அப்படியே பொருந்தும் என்பேன். ஓட்டுநரே சம்மதித்துத்தானே வருகிறார் என்று கேட்கலாம். புயலில் கப்பலைக் காக்கச் சரக்கைக் கடலில் எறியும் மாலுமியை அரிஸ்டாட்டில் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். அந்த நேரத்தில் அவன் விரும்பித்தான் எறிகிறான். ஆனால் புயல் இல்லாத நாளில் எவனும் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டான். சீசன் இல்லாத மாதங்களின் வண்டித் தவணை பாக்கியிருக்கும்போது ஓட்டுநர் தரும் சம்மதமும் அத்தகையதே. நாம் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதற்கு அது சாட்சியாகலாம். அவருடைய நெருக்கடியில் நாம் ஆதாயம் பார்க்கவில்லை என்பதற்கு ஆகாது.

காட்டு விலங்குகளிடம் இந்த அரைச் சம்மதம்கூட இல்லை. முதுமலையை ஒட்டிய பந்திப்பூர் காட்டின் வழியாகச் செல்லும் சாலையில் 2009 முதல் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துக்குத் தடை உள்ளது, வண்டிகளில் அடிபட்டு விலங்குகள் இறந்ததால். ஒரு நாள் வாடகைக்குள் எல்லாவற்றையும் அடக்க நினைக்கும் பயணம், கேட் மூடுவதற்குள் கடந்துவிட அந்தி நேரத்தில் விரைகிறது. மான்களும் யானைகளும் சாலையைக் கடப்பதும் அந்த நேரத்தில்தான். என் ஒரு கார் போவதால் மலைக்கு என்ன ஆகிவிடும் என்பவர்களுக்கு தத்துவ அறிஞர் டெரிக் பார்ஃபிட் 1984-இல் பதில் எழுதினார்: தனியே பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத தீங்கும் பலர் சேர்ந்து செய்யும் தீங்கின் பகுதியானால் தவறுதான். நீலகிரிக்கு வெளியிலிருந்து வரும் வண்டிகளுக்கு 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம் வார நாட்களில் 6000, வார இறுதியில் 8000 என்று வரம்பு வகுத்தது. எந்த ஒரு வண்டி மலையை நெரித்தது என்று சுட்ட முடியாததால்தான் எல்லா வண்டிகளையும் எண்ண வேண்டியிருக்கிறது.

வலுவான மறுப்பு இனிமேல்தான். உரிய விலை கொடுத்துத்தான் மலையைப் பார்க்க வேண்டுமென்றால் அது பணக்காரர்களின் சொத்தாகிவிடாதா? மலை எல்லாருக்கும் பொது, இந்தக் கவலை முழுக்க நியாயமானது. ஆனால் மலையைக் காணும் உரிமை வேறு, தனி வண்டியில் ஏறும் உரிமை வேறு. நீதிமன்ற வரம்பு அரசுப் பேருந்துகளைத் தொடவே இல்லை. அது எண்ணியது வண்டிகளை, ஆட்களை அல்ல. மேட்டுப்பாளையத்திலிருந்து பேருந்து ஏறுகிறது. 1908-இல் ஊட்டியை எட்டிய மலை ரயில் இன்றும் 46 கிலோமீட்டர் ஓடுகிறது. முதுமலைக் காட்டுக்குள் தெப்பக்காட்டிலிருந்து வனத்துறை வண்டி அழைத்துப் போகிறது. முதியவர், கைக்குழந்தை, நடக்க இயலாதவர் உள்ள குடும்பத்துக்குக் கார் வேண்டும்தான். அவர்கள் இரண்டு குடும்பமாகச் சேர்ந்து ஒரு வண்டி எடுக்கலாம், பார்க்கும் இடங்களைப் பாதியாக்கலாம். அப்போது மிச்சமாவது அவர்கள் பங்கிலிருந்தே வருகிறது. அதற்கும் பணம் போதவில்லையென்றால் பயணத்தை ஓராண்டு தள்ளிப்போடுவதே சரி. இது கடுமையான முடிவுதான். ஆனால் பயணத்தைத் தள்ளிப்போட நம்மால் முடியும். அன்றிரவுத் தூக்கத்தைத் தள்ளிப்போட்டு ஓட்டுவது ஓட்டுநருக்கு உயிர் ஆபத்து.

ஆகவே அடுத்த முறை வண்டி பேசும்போது, கிலோமீட்டருக்கு எவ்வளவு என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். பேட்டா எவ்வளவு, பலகை என்ன நிறம், இரவில் ஓட்டுநர் எங்கே படுப்பார் என்றும் கேளுங்கள். அவருக்கு ஒரு கட்டிலின் வாடகையையும் உங்கள் பயணச் செலவில் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.