தன் முயற்சி எனப்படுவது யாது?

ஆறாம் படிவத்தின் இறுதி ஆண்டில், பல மாதங்கள் முயன்று எழுதி முடித்த ஆய்வேட்டோடு மாணவன் ஒரு சிறு தாளையும் இணைத்து ஒப்படைக்கின்றான். ‘இவ்வேடு முழுமையும் என் சொந்த உழைப்பே’ என்னும் பொருளில் அத்தாளில் ஓர் உறுதிமொழி உண்டு. ஏட்டின் முதற்பத்தியை எழுதுவதற்கு மூன்று வாரம் தயங்கியவன், இந்த ஒரு வரியின் கீழ் மட்டும் ஒரு நொடியில் கையொப்பமிட்டு விடுகின்றான். ஆயினும், ஏட்டிலுள்ள வாக்கியங்கள் அனைத்தினும் மெய்ப்பித்தற்கு அரியது அவ்வொரு வாக்கியமே ஆகும்.

பள்ளிப் படிப்பை முடிக்கும் தறுவாயில் மாணவன் தானே ஒரு வினாவை எழுப்பி, தானே விடை தேடி எழுதுதல் வேண்டும் என்பது இன்று பல நாட்டுக் கல்வி முறைகளிலும் இடம் பெற்றுவிட்ட கொள்கை. 1968ஆம் ஆண்டில் ஜெனீவாவில் தோன்றிய அனைத்துலக பாக்கலோரியேட் அமைப்பு, தன் மாணவர் ஒவ்வொருவரும் நாலாயிரம் சொற்களுக்கு மேற்படாத விரிவுக் கட்டுரை ஒன்றை எழுதப் பணிக்கின்றது. மாணவன் செலவிட வேண்டிய நேரம் ஏறத்தாழ 40 மணி. வழிகாட்டும் ஆசிரியருக்கோ மூன்று முதல் ஐந்து மணி வரைதான். முழு வரைவு ஒன்றினை ஒரு முறை படித்துக் கருத்துரைக்கலாம், திருத்தி எழுதலாகாது. மலேசியாவிலும் எஸ்.டி.பி.எம். தேர்வு 2012 முதல் மூன்று பருவங்களாகப் பிரிக்கப்பட்டபொழுது, இடுபணிக்கு அதில் உரிய இடம் தரப்பட்டது. சுவிட்சர்லாந்தின் 1995ஆம் ஆண்டு விதி இன்னும் சுவையானது. பள்ளியிறுதி மாணவர் ‘தனியாகவோ குழுவாகவோ’ ஒரு பெரிய சுயேச்சைப் படைப்பை உருவாக்கி, அதனை வாய்மொழியாகவும் எடுத்துரைக்க வேண்டும் என்றது அது. பலர் கூடிச் செய்தாலும் அது சுயேச்சையான உழைப்பாக இருத்தல் கூடும் என்பதை அவ்விதி ஒப்புக்கொண்டது. அங்ஙனமாயின், தன் முயற்சி என்பது தனிமை அன்று. பின், அது யாது?

பிறர் உதவி எவ்வளவு குறைகின்றதோ அவ்வளவுக்கு உழைப்பு தன்னுடையதாகின்றது என்பது பெரும்பாலோர் கருத்து. கேட்பதற்கு நேர்மையாகவே தோன்றுகின்றது. ஆனால், இரண்டு வீடுகளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு வீட்டில் தந்தை மருத்துவர், தாய் வழக்கறிஞர், இரவு உணவின்போதே ‘ஆதாரம் என்ன?’ என்ற வினா எழும் வீடு அது. மற்றொரு வீடு, மலிவு விலை அடுக்குமாடியின் பன்னிரண்டாம் தளத்தில் உள்ளது. தந்தை லாரி ஓட்டுகின்றார். தாய் தொழிற்சாலையில் இரவு வேலை. மூத்த பிள்ளை தம்பி தங்கையரை உறங்கவைத்த பின்பே புத்தகத்தைத் திறக்க முடியும். இவ்விரு வீட்டுப் பிள்ளைகளையும் பார்த்து, ‘நான் எவருக்கும் உதவமாட்டேன், விதி விதிதான்’ என்று ஓர் ஆசிரியர் கைகட்டி நிற்பாராயின், அவர் நடுவுநிலை வகித்தவர் ஆவாரா? முதல் பிள்ளைக்கு உதவி பதினேழு ஆண்டுகளாகக் கிடைத்துவிட்டது. அது கண்ணுக்குத் தெரியாத உதவி. இரண்டாவது பிள்ளை கேட்பதோ கண்ணுக்குத் தெரிகின்ற உதவி. அதனால் அது மட்டும் குற்றமாகி விடுகின்றது.

எனவே இரக்கமுள்ள ஆசிரியர் வேறொரு வழியில் இறங்குகின்றார். வாக்கியத்தைத் திருத்துகின்றார்; பிறகு பத்தியைத் திருத்துகின்றார்; இறுதியில் முடிவுரையையே சொல்லச் சொல்ல மாணவன் எழுதிக்கொள்கின்றான். ‘பிள்ளை எப்படியாவது தேறிவிட வேண்டும்’ என்ற தவிப்பு நம் சமுதாயத்தில் ஏன் வேரூன்றியது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அத்தவிப்பைப் பழித்தல் எளிது. பழிப்பவர்கள் பெரும்பாலும் அதனை உணர வேண்டிய தேவை இல்லாதவர்கள். எனினும், அவ்விரக்கத்தில் பள்ளியின் தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றிய கவலையும் சிறிது கலந்திருக்கின்றது என்பதை ஆசிரியர்கள் தம் நெஞ்சறிய மறுத்தல் இயலாது.

விலக்கி நிற்பதும் தவறு, எழுதிக் கொடுப்பதும் தவறு எனில், இடையில் உள்ளது என்ன? இதனைப் பொதுவாகப் பேசுவதைவிட ஓர் எடுத்துக்காட்டை மனத்தில் வரைந்து பார்ப்பது நலம்.

ஒரு மாணவி தோட்டத் துண்டாடலைப் பற்றி எழுத முற்படுகின்றாள் என்று கொள்வோம். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளையர் தம் ரப்பர்த் தோட்டங்களை விற்றுச் செல்ல, வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி விற்றதும், பால் மரம் வெட்டிய குடும்பங்கள் லயத்தை விட்டு வெளியேற நேர்ந்ததும் நாடறிந்த வரலாறு. அம்மாணவியின் முதல் ஆதாரம் அவளுடைய பாட்டி. ‘கலவரத்துக்குப் பிறகுதான் எங்க தோட்டத்தைத் துண்டு போட்டாங்க, அந்த வருசந்தான் எல்லாரும் சிதறிப் போனோம்’ என்கின்றார் பாட்டி. அவர் குறிப்பது 1969ஆம் ஆண்டு. அதனை அப்படியே எழுதிக்கொண்டு வந்து ஆசிரியரிடம் காட்டுகின்றாள். அத்தோட்டம் அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே துண்டாடப்பட்டது என்பது ஆசிரியருக்குத் தெரியும். ஆண்டை அடித்துத் திருத்துவதற்கு அரை நொடி போதும். அவருடைய பேனாவும் கையில்தான் இருக்கின்றது. ஆனால் அவர் கேட்பது ஒன்றே: “பாட்டி சொன்னதை வேறு எதனோடு ஒத்துப் பார்ப்பாயம்மா?”

மாணவி நூலகத்தில் தேடுகின்றாள். துண்டாடலுக்கு மாற்றாகத் தொழிலாளரே பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்குதற்கெனத் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960இல் தோற்றுவித்தார் என்ற செய்தி கண்ணில் படுகின்றது. 1969க்குப் பின் வந்த துன்பத்திற்கு 1960இலேயே எவரும் மருந்து தேடியிருக்க முடியாதே! பாட்டியின் கணக்கில் ஏதோ பிழை இருக்கின்றது. பிழையென்று மட்டும் எழுதிவிட்டு அவள் நகர்ந்திருக்கலாம். நகரவில்லை; பாட்டியிடம் திரும்பிச் சென்று, ‘அப்படின்னா அறுபத்தொன்பதுல என்ன நடந்தது பாட்டி?’ என்று கேட்கின்றாள். நெடுநேரம் பேசாதிருந்த பாட்டி, அதுவரை வீட்டில் எவருக்கும் சொல்லாத ஒன்றைச் சொல்கின்றார். அவருடைய அண்ணன் சிவப்பு அடையாள அட்டைக்காரர். 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய உரிமம் பெற வேண்டும் என்றாயிற்று. உரிமம் கிட்டாமல், பினாங்குத் துறைமுகத்தில் ரஜூலா கப்பல் ஏறியவர் பிறகு திரும்பவே இல்லை. மண்ணைப் பிரிந்ததும் உடன்பிறந்தாரைப் பிரிந்ததும் வெவ்வேறு ஆண்டுகளில் நிகழ்ந்தவை. அறுபது ஆண்டுகளாக ஒரே நெஞ்சில் கிடந்ததனால் அவை ஒரே ஆண்டாகிவிட்டன.

அந்த அரை நொடியில் ஆசிரியர் ஆண்டைத் திருத்தியிருந்தால் ஏடு பிழையற்றதாகியிருக்கும். அண்ணன் மட்டும் அதில் வந்திருக்கமாட்டார். மாணவி பிறருடைய சொல்லைத் திருடிவிடுவாளோ என்று அஞ்சித்தான் உறுதிமொழித் தாள் அச்சிடப்படுகின்றது. ஆசிரியர் மாணவியிடமிருந்து எடுத்துக்கொள்ளக் கூடியதும் ஒன்று உண்டு என்பதை அத்தாளை அச்சிட்டவர்கள் எண்ணியதாகத் தெரியவில்லை.

இதற்கொரு விலையும் உண்டு. பாட்டியிடம் திரும்பிச் சென்றதில் மூன்று வாரங்கள் கழிந்தன. முடிவுரை அவசரத்தில் எழுதப்பட்டது. இரண்டு பத்திகள் ஒட்டாமல் நிற்கின்றன. மதிப்பெண் ஒரு படி குறையலாம். பல்கலைக்கழக இடத்தை அந்த ஒரு படியே முடிவு செய்யவும் கூடும். இதை அறிந்தும் ஆசிரியர் பேனாவை எடுக்கவில்லை. அவர் செய்தது சரியே. ஆனால் அச்சரிக்கான விலையைச் செலுத்துபவர் அவர் அல்லர், மாணவி. இதனை மறந்துவிட்டுத் தம் நேர்மையைத் தாமே மெச்சிக்கொள்ளும் உரிமை அவருக்கு இல்லை. நாள்களை எண்ணிப் பகிர்ந்துகொள்ளவும், நூலகத்தில் எந்த அடுக்கில் தேட வேண்டும் என்பதை அறியவும், கேட்டதற்கும் தான் எண்ணியதற்கும் வேறுபாடு தெரிய எழுதவும் முன்னதாகவே அவர் கற்பித்திருக்க வேண்டும். அடுக்குமாடிப் பிள்ளைக்கு இவற்றை மும்மடங்கு தரலாம், தரவும் வேண்டும். அதில் விதிமீறல் எதுவும் இல்லை.

ஓர் ஏடு எவருடையது என்பதைத் துருவிப் பார்க்கப் பழந்தமிழர் கண்ட வழி ஒன்று உண்டு. தொல்காப்பியம் அதங்கோட்டாசான் முன்னிலையில் ஐயமற விளக்கப்பட்டு அரங்கேறியதாகப் பனம்பாரனாரின் பாயிரம் தெரிவிக்கின்றது. நூலை எழுதி முடித்தால் மட்டும் போதாது. அவையில் நின்று விடை சொல்லவும் வேண்டும். நன்னூலாரின் கணக்கும் இங்கே நினைக்கத்தக்கது. ஆசிரியரிடம் கேட்பதால் கல்வியில் காற்பங்கு. உடன் பயில்வாரோடு பழகுவதால் காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு எடுத்துரைப்பதால்தான் வரும் என்கின்றார் அவர். விரிவுக் கட்டுரையின் முடிவில் ஆசிரியர் மாணவனை அமர்த்தி உரையாடுவதும் அவ்வரைப்பங்குக்காகவே எனலாம்.

2022ஆம் ஆண்டின் இறுதிக்குப் பின், கேட்டதும் கட்டுரை எழுதித் தரும் கணினிச் செயலிகள் பரவியதால் இவ்வுரையாடலின் தேவை மிகுந்துள்ளது. அடுத்த ஆண்டிலேயே பாக்கலோரியேட் அமைப்பு, அவற்றைத் தடை செய்வதில்லை என்றும், அவை எழுதியதைத் தனதென்று காட்டலாகாது என்றும் அறிவித்தது. இதனைப் புதிய சிக்கல் என்று கூறுதல் முழுதும் பொருந்தாது. அண்ணனின் பழைய இடுபணியும், காசுக்கு எழுதித் தருபவரும் முன்பே இருந்தனர். இப்பொழுது அது மலிந்துவிட்டது, அவ்வளவே. செயலியும் அந்த ஆண்டை அரை நொடியில் திருத்தித் தரும், ஆசிரியரின் பேனாவைப் போலவே.

அம்மாணவி இறுதி உரையாடலுக்கு வருகின்றாள். ஒட்டாமல் நிற்கும் இரண்டு பத்திகளை ஆசிரியர் சுட்டிக் காட்டுகின்றார். அவள் சிறிது நேரம் பார்த்துவிட்டு, “ஆமாம் ஐயா, அங்கே இன்னும் ஒரு பக்கம் இருந்திருக்க வேண்டும். ஆனால் அண்ணனைப் பற்றிப் பாட்டி அதற்கு மேல் பேசவில்லை. பேசாததை நான் எப்படி எழுதுவது?” என்கின்றாள். ஆசிரியர் உறுதிமொழித் தாளைத் தம் பக்கம் இழுத்து, அவளுடைய பெயருக்குக் கீழே தம் கையொப்பத்தை இடுகின்றார்.