காயம் வந்த வழியைக் கேட்கலாமா?

கல்லாவுக்கு முன்னால் நடக்கும் சில சிறிய காரியங்கள், பெரிய பிரசங்கங்களைவிட அதிகமாக மனிதனைச் சிந்திக்க வைத்துவிடுகின்றன. செண்டாயானில் என் கடையில் நடந்த ஒன்றை, மறைக்காமல், இங்கே எழுதுகிறேன். அதில் என் குற்றமும் உண்டு.

செண்டாயான் ரப்பர்த் தோட்டமாக இருந்த நாளிலிருந்து எங்களிடம் சாமான் வாங்கும் குடும்பம் ஒன்று. மரங்கள் போய் வீடுகளும் தொழிற்பேட்டையும் வந்து, ஊரும் பண்டார் ஸ்ரீ செண்டாயான் ஆகிவிட்ட பிறகும் அந்த அம்மாள் கடையை மாற்றவில்லை. அவருடைய மகளுக்குத் தாடையோரத்தில் ஒரு மச்சம். கலியாணத்துக்கு முன் அதை எடுத்துவிட வேண்டுமென்று பெண் விரும்பினாள்; ஒரு கிளினிக்கில் சிறு ரண சிகிச்சை செய்து எடுத்தார்கள். காயம் நன்றாகத்தான் ஆறியது. ஆனால் ஆறின இடம் இரண்டு மாதத்துக்குள் சிவந்து, தடித்து, மேலே எழும்பிக்கொண்டது. அரிப்பு வேறு.

“நானா, தழும்பு மறைய ஏதாச்சும் கிரீம் இருக்கா?” என்று அந்த அம்மாள் வந்து கேட்டார். நான் ஒரு டியூபை எடுத்து நீட்டி, “இதைப் போடச் சொல்லுங்கம்மா, ஒரே மாசத்துல மறைஞ்சிடும்” என்றேன். எனக்கு அது தெரியுமா? தெரியாது. டியூபின் மேல் அப்படி அச்சடித்திருந்தது. சரக்குப் போட்டவரும் அப்படிச் சொன்னார். அவ்வளவுதான் என் அறிவு.

மூன்றாவது டியூபுக்கு வந்தபோது மகளும் கூட வந்திருந்தாள். சால்வையைத் தாடை வரை இழுத்து மூடியிருந்தாள். கடை பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த நம் பெரியவர் ஒருவர் நிமிர்ந்து பார்த்து, “ஆண்டவன் வச்சதை எடுக்கப் போனா இப்படித்தான் ஆவும். தானே தேடிக்கிட்டது” என்றார். பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் ஒன்றும் பேசாமல் மூன்றாவது டியூபுக்கும் காசை வாங்கிப் போட்டேன்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பெரியவர் சொன்னது சரியா? அழகுக்காகக் கத்திக்குத் தன்னைக் கொடுத்தவர், அதன் பலனாக வந்த தழும்புக்குச் சிகிச்சை தேடுவது முறையா? நம்முடைய அனுதாபத்துக்காவது அவருக்கு உரிமை உண்டா?

முதலில் இந்தத் தழும்பு எதுவென்று தெரிந்துகொள்ள வேண்டும். காயம் பட்ட இடத்தை மூட, உடம்பு கொலாஜன் என்ற நார்ப்பொருளை உண்டாக்குகிறது. போதுமான அளவு மூடியதும் நிறுத்த வேண்டும். சிலருக்கு நிறுத்தாமல் மேலும் மேலும் குவித்துக்கொண்டே போகிறது. அப்படிக் குவிந்தது காயத்தின் எல்லைக்குள்ளேயே நின்றால் அது வெறும் தடித்த தழும்பு. ஒரு வருஷம், ஒன்றரை வருஷத்தில் தானாகவே அமுங்கிவிடுவதும் உண்டு. எல்லையைத் தாண்டிப் பக்கத்து நல்ல தோலிலும் படர்ந்தால் அதற்குக் கீலாய்டு என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலிபேர் என்ற பிரெஞ்சு வைத்தியர், அது நண்டு கொடுக்கை நீட்டுவது போலப் படருவதைக் கண்டு, நண்டுக் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அந்தப் பெயரை அமைத்தார்.

தோட்டத்தில் பால் வெட்டியவர்களுக்கு இதை எளிதில் சொல்லிவிடலாம். உளி அளவோடு இறங்கினால் பட்டை மட்டமாக வளர்ந்து மூடும். ஆழமாக இறங்கி மரத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகத்தான் தழைக்கும். ஆனால் ஒரு வித்தியாசம். மரத்தில் அது வெட்டியவன் கைப்பிழை; மனிதத் தோலிலோ டாக்டர் பிழையில்லாமல் வெட்டியிருந்தாலும் இது வரலாம். வெள்ளையரைவிடக் கறுத்த தோலுடையவர்களுக்கும் நம் ஆசியாக்காரர்களுக்கும் அதிகம் வருகிறது. பத்து வயதிலிருந்து முப்பது வயது வரை உள்ளவர்களுக்கு அதிகம். நெஞ்சு, தோள், தாடை, காதுமடல் ஆகிய இடங்களில் அதிகம். குடும்ப வழியாகவும் வரும்.

காதுமடல் என்றதும் என் தங்கையின் நினைவு வருகிறது. சிறு வயதில் எல்லோரும் கூடி, மிட்டாய் கொடுத்து, சந்தோஷமாகக் காது குத்தினோம். துளை இருந்த இடத்தில் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி எழும்பியது. அன்று யாராவது, ‘ஆண்டவன் கொடுத்த காதைத் துளைத்ததற்குத் தண்டனை’ என்று சொன்னார்களா? டாக்டரிடம் அழைத்துக்கொண்டு ஓடினோம். காது குத்தியதும் அழகுக்குத்தானே! அதே உடம்பு, அதே நார்ப்பொருள். ஊர் வழக்கமாகச் செய்ததற்கு ஒரு நியாயம், ஒரு பெண் தானாக விரும்பிச் செய்ததற்கு வேறு நியாயமா?

மார்க்கத்தின் பக்கம் வருவோம். அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதைப் பற்றித் திருக்குர்ஆனில் கண்டனம் இருப்பதை நாம் அறிவோம். 2006-ல் நம் நாட்டுத் தேசிய ஃபத்வா மன்றம் அழகுக்காகப் போடாக்ஸ் ஊசி போட்டுக்கொள்வதைத் தடுத்தது; மருத்துவத் தேவைக்கு இடம் விட்டது. மச்சத்தை எடுக்கலாமா கூடாதா என்பதை ஆலிம்கள் பேசட்டும். நான் பலசரக்கு விற்பவன். நான் கேட்பது வேறு. அது தவறென்றே வைத்துக்கொள்வோம். தவறின் வழியாக வந்த நோய், நோய் இல்லையா?

அர்ஃபஜா (ரலி) என்ற ஸஹாபியின் சம்பவம் அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. சண்டையில் அவருடைய மூக்கு அறுபட்டுப் போயிற்று. வெள்ளியில் மூக்குச் செய்து வைத்துக்கொண்டார். அது துர்நாற்றம் எடுத்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தங்கத்தில் செய்து வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஆண்களுக்குத் தங்கம் ஆகாது என்று விதித்த அதே நபியவர்கள்! அந்த மூக்கு எந்தச் சண்டையில் போயிற்று? பத்ரிலா, உஹதிலா? இல்லை. இஸ்லாத்துக்கு முந்திய அறியாமைக் காலத்தில், குலாப் என்ற இடத்தில் நடந்த கோத்திரச் சண்டையில் போனது. அந்தச் சண்டைக்கு ஏன் போனாய் என்ற கேள்வி அங்கே இல்லை. முகத்தில் உள்ள குறைக்கும், அதனால் அந்த மனிதர் படும் சங்கடத்துக்கும் பரிகாரம் மட்டுமே இருக்கிறது.

“உயிருக்கு ஆபத்தில்லையே, முகம்தானே” என்பவர்களும் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-ல் வந்த டாக்டர் பால் பிராண்டின் அனுபவம் அவர்களுக்குப் பதில் சொல்லும். மருந்தினால் தொழுநோய் நின்றுவிட்ட நோயாளிகளை ஊர் சேர்த்துக்கொள்ளவில்லை. சப்பிப்போன மூக்கையும் உதிர்ந்துபோன புருவத்தையும் பார்த்து வேலை கொடுக்க மறுத்தார்கள். முடங்கிய கைகளைச் சீராக்கிய அவரும் அவரைச் சேர்ந்தவர்களும், மூக்கை நிமிர்த்தி, தலைமுடியுள்ள தோலை எடுத்துப் புருவமும் வைத்தார்கள். அது பகட்டா? வாடிக்கையாளர் முகம் பார்த்துப் பிழைக்கும் நமக்கு இதை விளக்க வேண்டுமா?

சிகிச்சை உண்டு, ஆனால் பொறுமை வேண்டும். சிலிகோன் தகட்டைத் தழும்பின் மேல் தினமும் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல், இரண்டு மூன்று மாதங்களாவது ஒட்டி வைக்கிறார்கள். தழும்புக்குள்ளேயே ஸ்டீராய்டு மருந்தை நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு தரம் ஊசியாகப் போடுகிறார்கள். சிவப்பைக் குறைக்க லேசர் ஒளி உண்டு. கீலாய்டை வெறுமனே வெட்டி எடுத்துவிட்டால் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் திரும்ப வருகிறது, சில சமயம் முன்னைவிடப் பெரிதாக. எதைச் செய்தாலும் தடம் முழுதும் அழிந்துவிடும் என்று நாணயமான டாக்டர் யாரும் வாக்குக் கொடுப்பதில்லை.

டாக்டரே கொடுக்காத அந்த வாக்கைத்தான் நான் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு கொடுத்தேன். தானியக் குவியலுக்குள் நபியவர்கள் கையை விட்டு, உள்ளே நனைந்திருப்பதைக் கண்டு கடிந்த சம்பவம் நமக்கெல்லாம் மனப்பாடம். அரிசியில் தண்ணீர் தெளிக்காதவன் என்று நான் பெருமைப்பட்டவன். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லி விற்பதும் நனைந்த தானியம்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை. நம் நாட்டில் மருந்துக்கு ‘எம்ஏஎல்’ என்று தொடங்கும் பதிவு எண் வேண்டும். அழகுச் சாமானுக்கு ‘என்ஓடி’ என்று தொடங்கும் அறிவிப்பு எண். இந்த இரண்டாவது எண் உள்ள சரக்கு நோயைத் தீர்ப்பதாகச் சொல்லி விற்கக்கூடாது. இதற்கு மேல் பாதரசமும் ஸ்டீராய்டும் ரகசியமாகக் கலந்த கிரீம்களை அரசாங்கம் அடிக்கடி பெயர் சொல்லித் தடுத்துக்கொண்டிருக்கிறது. டாக்டர் அளந்து ஊசியில் போடும் அதே வகை மருந்தை அளவில்லாமல் மேலே தடவினால் தோல் மெலிந்துபோகும். உங்கள் அலமாரியை ஒரு தரம் பாருங்கள். நான் பார்த்தபோது முதுகு வேர்த்தது.

அடுத்த முறை அந்த அம்மாள் வந்தபோது, “அம்மா, நான் தெரியாமல் சொல்லிட்டேன். இந்த கிரீம் அதுக்கு மருந்தில்லை. கிளினிக் கெசிஹாத்தானில் காட்டி, சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரி தோல் டாக்டருக்குக் கடிதம் வாங்குங்க” என்று சொல்லி, மூன்று டியூபின் காசையும் எடுத்து வைத்தேன். அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்தார். “பற்றுல கழிச்சுக்குங்க நானா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது இரண்டு ஊசி ஆகியிருக்கிறது. அரிப்பு நின்றுவிட்டதாம், தடிப்புக் கொஞ்சம் அமுங்கியிருக்கிறது, சிவப்பு இன்னும் இருக்கிறது. கலியாணத் தேதியை அவர்கள் மாற்றவில்லை.

பெஞ்சுப் பெரியவரிடம் அர்ஃபஜாவின் சம்பவத்தைச் சொன்னேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். “அது மூக்கு, தம்பி. இது மச்சம்” என்றார். நான் என் தங்கையின் காதைச் சொன்னேன். “நாளைக்கு வர்றேன்” என்று எழுந்து போனார். மீதி ஏழு டியூப்களும் அட்டைப்பெட்டியில் கட்டி வைத்திருக்கின்றன. சரக்குப் போட்டவர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்.