திருவேடமும் எமது மௌனமும் – ஒரு சிந்தனை

மெய்ப்பொருள் நாயனாரின் வரலாற்றை அறநெறி வகுப்பிலே சொல்லும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் எழும். ஆண்டுக்கு ஆண்டு பிள்ளைகள் மாறுவார்கள், கேள்வி மாறுவதில்லை. "குத்தினவனை ஏன் ரீச்சர் சும்மா விட்டவர்?" என்பதே அது. நாயனார் கண்டது ஆளையல்ல, திருநீற்றையே என்று நான் விடை சொல்லி வந்தேன். பெரியோர் எனக்குச் சொல்லித் தந்த விடை அது, பிழையானதுமல்ல. ஆனால் அந்த விடையோடு வளர்ந்த நாம் பிற்காலத்தில் அதை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதைக் கண்ட பின்னர், அது முழுமையான விடைதானா என்ற ஐயம் எனக்கு வந்துவிட்டது. அந்த ஐயத்தை அடியார்கள் முன் வைப்பதற்கு எமது ஆலய மலரே தக்க இடம் எனக் கருதுகிறேன்.

வரலாறு யாவரும் அறிந்ததே. திருக்கோவலூரில் இருந்து சேதி நாட்டை ஆண்டவர் மெய்ப்பொருளார். போரிலே அவரிடம் பலமுறை தோற்ற முத்தநாதன், மேனியெங்கும் திருநீறு பூசி, சடை முடித்து, ஏட்டுக் கட்டினுள் ஆயுதத்தை மறைத்துக்கொண்டு அரண்மனைக்குள் புகுந்தான். காவலர் எல்லோரும் வேடத்தைக் கண்டு வழிவிட்டார்கள். கடைசி வாயிலில் நின்ற தத்தன் என்பவன் மட்டுமே, அரசர் துயில்கிறார், இது தருணமல்ல என்று தடுத்துப் பார்த்தான். முத்தநாதன் கேட்கவில்லை. எங்கும் கிடையாத ஆகமம் ஒன்றை உபதேசிக்க வந்திருப்பதாகவும் தனிமை வேண்டுமென்றும் சொன்னான். நாயனார் தேவியாரை அப்பால் அனுப்பிவிட்டு, வந்தவனை ஆசனத்தில் இருத்தித் தாம் தாழ இருந்து வணங்கினார். அந்த நேரத்திலே குத்தினான். வாளோடு பாய்ந்த தத்தனைத் தடுத்து, வந்தவனுக்கு இடையூறு நேராமல் ஊர் எல்லை கடத்திவிடும்படி பணித்தார் நாயனார்.

இந்த வரலாற்றோடு சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரத்தையும் சேர்த்துக்கொள்வோம். அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரன் எனவே தொழும்படி சொல்வது அது. ஆகவே காவியைக் கண்டால் கைகூப்ப வேண்டும், திருநீற்றைக் கண்டால் பணிய வேண்டும் என்பது எமது இரத்தத்திலே ஊறிய பண்பு. நல்ல பண்பு. அதை நான் கைவிடச் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு சாமியாரோ, குருவோ, ஆலயப் பொறுப்பிலுள்ள பெரியவரோ பிள்ளைகளிடம் தகாத முறையில் நடந்துகொண்டார் என்று தெரியவரும்போது, அதே பண்பைக் காரணம் காட்டி நாம் வாயை மூடிக்கொள்கிறோம். "குருநிந்தை பொல்லாதது", "தெய்வக் குற்றமாகிவிடும்" என்று பாதிக்கப்பட்ட வீட்டாருக்கே புத்தி சொல்கிறோம்.

எண்பதுகளின் பிற்பகுதியில் வேறோர் ஊரிலே படிப்பித்துக்கொண்டிருந்தேன். எனது வகுப்பில் நன்றாகத் தேவாரம் பாடும் பிள்ளை ஒருத்தி இருந்தாள். பின்னேரங்களில் அவ்வூர் மடம் ஒன்றில் நடந்த பண்ணிசை வகுப்புக்கும் போய்வந்தாள். திடீரென்று மடத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள். பாடசாலையிலும் பாடுவதை நிறுத்திவிட்டாள். காரணம் கேட்கத் தாயாரிடம் போனேன். அந்த அம்மா என்னை வாசலிலேயே நிறுத்தி, "அவையளின்ரை கதையை எடுத்தால் எங்களுக்குத்தான் பாவம், ரீச்சர். பிள்ளையின்ரை பேரும் கெட்டுப்போகும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியும் நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு மாற்றம் கிடைத்து வந்துவிட்டேன். மடத்தில் பண்ணிசை வகுப்பு தொடர்ந்து நடந்தது. வேறு பிள்ளைகள் போனார்கள்.

இத்தகைய மௌனம் எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதை எம்மவர் நன்கறிந்த ஒரு வழக்கிலே காணலாம். மாத்தளையில் 1951 இல் பிறந்து, அங்கே ஆச்சிரமம் அமைத்திருந்தவர் பிரேமானந்தா. 1983 கலவரத்தின் பின்னர் ஆதரவற்ற பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தமிழ்நாட்டுக்குச் சென்று, திருச்சிராப்பள்ளிக்கு அண்மையில் பெரிய ஆச்சிரமம் ஒன்றை நிறுவினார். அங்கிருந்த பெண் பிள்ளைகள் பலர் எமது நாட்டவர். யுத்தத்தினால் வீட்டையும் உறவுகளையும் இழந்தவர்கள். வெளியே போனால் சோறும் இல்லை, ஊரும் இல்லை என்ற நிலையில் இருந்தவர்கள். தப்பி வெளியே வந்த பிள்ளைகள் 1994 இல் வாய் திறந்த பிறகே அங்கே நடந்தவை உலகுக்குத் தெரியவந்தன. பதின்மூன்று பெண் பிள்ளைகளைப் பாலியல் வன்முறைக்கு உட்படுத்தியமைக்காகவும், ஓர் இளைஞரின் கொலைக்காகவும் 1997 இல் புதுக்கோட்டை நீதிமன்றம் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. ஒரு பிள்ளையின் கருவில் இருந்த சிசுவின் மரபணுப் பரிசோதனையும் சாட்சியங்களில் ஒன்றாக இருந்தது. 2005 இல் இந்திய உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. 2011 இல் தண்டனைக் காலத்திலேயே அவர் காலமானார்.

இந்த வழக்கிலே என்னை அதிகம் வருத்துவது குற்றவாளி அல்ல. சுற்றி நின்றவர்கள்தான். படித்தவர்கள், வெளிநாட்டினர், பெரிய பதவி வகித்தவர்கள் எல்லாம் அவரை வணங்கினார்கள். தீர்ப்பு வந்த பின்னரும் அவர் குற்றமற்றவர் என்றே பலர் நம்பினார்கள். இன்றும் நம்புவோர் உண்டு. பதின்மூன்று பிள்ளைகளின் சொல்லை விட ஒருவரது காவி அவர்களுக்குப் பாரமாகத் தெரிந்தது. "எத்தனை அநாதைகளுக்குச் சோறு போட்டவர்" என்பார்கள். சோறு போட்டது உண்மைதான். அந்தச் சோற்றினால்தானே பிள்ளைகள் அத்தனை காலம் வாய் திறக்க முடியாமல் இருந்தார்கள்?

இனி மெய்ப்பொருளாரிடம் மீண்டும் வருவோம். அவர் பொறுத்தது எதனை? தமது மார்பிலே விழுந்த குத்தை. அந்த மன்னிப்பு அவருக்கு உரியது. ஏனெனில் காயம் அவருடையது. தேவியாரை அப்பால் அனுப்பிவிட்டுத் தனியே இருந்தார் என்பதையும் கவனிக்க வேண்டும். முத்தநாதன் அன்று ஒரு சிறு பிள்ளையின் மேலே கை வைத்திருந்தால் நாயனார் அதனையும் திருவேடத்தின் பேரால் பொறுத்திருப்பாரா? அப்படிச் சொல்லப் பெரியபுராணத்திலே இடமில்லை. தன் உயிரைக் கொடுப்பது பக்தி. அயலான் வீட்டுப் பிள்ளையைக் கொடுத்துவிட்டு அதையும் பக்தி என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்று. அந்த ஊரிலே யாரும் நடந்ததை மறைக்கவில்லை. தத்தன் முத்தநாதனை அழைத்துச் செல்லும்போது விடயம் ஊரெல்லாம் பரவிச் சனங்கள் கோபத்தோடு சூழ்ந்துகொண்டார்கள். அரசருடைய ஆணை இது என்று எடுத்துச் சொல்லியே தத்தன் அவனைக் கொண்டுபோனான். குத்தியவன் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். மறுநாள் அவன் இன்னொரு வீட்டிலே ஆகமம் சொல்லப் போக முடியாது. நாமோ நேர்மாறாகச் செய்கிறோம். செய்தவரைக் காப்பாற்றுவதற்காகச் செயலையே இல்லாமல் ஆக்குகிறோம். அடுத்த ஊருக்கு அவர் மரியாதையோடு போய்ச் சேர்கிறார். அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலே கத்தோலிக்க மேலிடம் இதையே செய்தது. முறைப்பாடு வந்த குருமாரைப் பங்கு விட்டுப் பங்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். 2002 இல் ஒரு பத்திரிகை அதனை வெளிக்கொணர்ந்த பின்னர் கர்தினாலே பதவி விலக நேர்ந்தது. பிற சமயத்தவரைக் குத்திக் காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. நோய் எல்லா வீட்டிலும் ஒன்றே.

"வெளியே தெரிந்தால் மற்றச் சமயத்தவர் சிரிப்பார்களே" என்பது நல்ல மனிதர்கள் கூடச் சொல்லும் காரணம். இதற்கு நாவலர் பெருமானின் வாழ்வே விடை. மிஷனரிமாரோடு ஓயாமல் வாதிட்டவர் அவர். எமது குறைகளை அவர்கள் எப்போது பிடிப்பார்கள் என்று காத்திருந்த காலம். அப்படியிருந்தும் 1870களில் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் கிரியைகள் ஆகமத்துக்கு மாறாக நடக்கின்றன என்றும், பூசகர்கள் முறையான தீட்சை பெறவில்லை என்றும் பகிரங்கமாகவே எழுதினார். யாழ்ப்பாணச் சமயநிலை என்று தனியே ஒரு பிரசுரமும் வெளியிட்டார். அவரது கருத்துக்கள் எல்லாவற்றோடும் இன்று நாம் உடன்படுவதில்லை. ஆனால் எதிரி பார்க்கிறான் என்பதற்காக வீட்டுக் குப்பையைப் பாயின் கீழே தள்ளுபவர் அல்லர் அவர். போலிக் குருவை இனங்காணச் சொல்வதும் எமக்குப் புதிதல்ல. திருமந்திரத்திலே அவவேடம் என்றும் அசற்குரு நெறி என்றும் தனித் தலைப்புகளே உள்ளன. குருநிந்தை என்று பயப்படுபவர்கள், திருமூலர் யாரை நிந்தித்தார் என்று அப்பகுதிகளைப் படித்துப் பார்க்கலாம்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாம் வாய் பேசத் தெரியாதவர்கள் அல்லர். எத்தனையாம் திருவிழா யாருடைய உபயம், முதல் காளாஞ்சி யாருக்கு என்பதற்கெல்லாம் நீதிமன்றப் படியேறுவோம். தலைமுறை தலைமுறையாக வழக்காடிக் கோயிலைப் பூட்டியும் வைப்போம். பிள்ளை ஒருத்தி அழுதால் மட்டும் எங்களுக்குச் சமய மரியாதை நினைவுக்கு வந்துவிடுகிறது!

பொய்க் குற்றச்சாட்டும் உண்டுதானே என்று சிலர் கேட்பார்கள். உண்டு. கோயில் பிணக்கு உள்ள இடத்தில் வேண்டாதவர் மீது சேறு பூசுவதற்கு மொட்டைக் கடிதம் எழுதுவது எமது ஊர்களில் பழைய வழக்கம். ஆகவே கேள்விப்பட்டதைச் சந்தியிலும் கைத்தொலைபேசியிலும் பரப்புவது பெரும் பிழை. ஆனால் பெயரில்லாக் கடிதம் என்பதற்காகவே கிழித்து எறிவதும் பிழை. வட இந்தியாவில் ஹரியானா மாநிலத்தில் குர்மீத் ராம் ரஹீம் என்ற குருவின் மீதான வழக்கு, 2002 இல் ஒரு பெண் துறவி பெயர் குறிப்பிடாமல் பிரதமருக்கு எழுதிய கடிதத்தோடுதான் தொடங்கியது. அதனை வெளியிட்ட பத்திரிகை ஆசிரியர் அதே ஆண்டில் சுடப்பட்டு இறந்தார். குரு குற்றவாளி எனத் தீர்ப்பு வர 2017 ஆகிவிட்டது. அந்தப் பெண் ஏன் பெயர் போடவில்லை என்பது இப்போது யாருக்கும் விளங்கும். மெய்யா பொய்யா என்று அறிவதற்கு விசாரணை வேண்டும். விசாரணை நடப்பதற்கு யாராவது ஒருவர் சொல்ல வேண்டும்.

அந்த விசாரணையைப் பரிபாலன சபை மடத்திலே பாய் விரித்து நடத்தக் கூடாது என்பது எனது உறுதியான கருத்து. இரு தரப்பையும் கூப்பிட்டு, சாமி முன்னே கற்பூரம் கொளுத்திச் சத்தியம் வாங்கிச் சமாதானம் செய்வதற்கு இது வேலிச் சண்டை அல்ல. பத்துப் பெரியவர்கள் நடுவிலே நிறுத்தினால் எந்தப் பிள்ளை பேசும்? பிள்ளை சொன்னதை ஒருமுறை பொறுமையாகக் கேட்டு, நீ செய்தது ஒரு பிழையுமில்லை என்று சொல்லி, பொலிஸ் நிலையத்திலுள்ள சிறுவர் மற்றும் பெண்கள் பணியகத்துக்கோ பிரதேச செயலகத்துச் சிறுவர் உரிமை உத்தியோகத்தருக்கோ அறிவிக்க வேண்டும். 1998 ஆம் ஆண்டின் சட்டத்தினால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு 1929 என்ற இலக்கத்தில் தொலைபேசியிலேயே சொல்லலாம். விசாரணை முடியும்வரை சம்பந்தப்பட்டவரைப் பிள்ளைகளோடு பழகும் பொறுப்பிலிருந்து விலக்கி வைப்பதே சபை செய்ய வேண்டியது. அவர் குற்றமற்றவர் என்று தெரியவந்தால் எல்லோரும் அறிய அதைச் சொல்லி, அவரை மீண்டும் அழைக்கலாம்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது ஐம்பது வயதை அண்மித்திருக்கும். எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. வாசலில் நின்று திரும்பிய அன்று, தாயார் சொல்லாததை நான் கேட்டிருக்கலாம். அவளுக்குப் பின்னர் அந்த மடத்துக்குப் போன பிள்ளைகளின் பெற்றோரிடமாவது சொல்லியிருக்கலாம். அன்று என்னைத் தடுத்தது பக்தியா, பயமா என்று பலநாள் யோசித்திருக்கிறேன். பயம்தான், பக்தி என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன்.

அடுத்த குருபூசைக்குப் பிள்ளைகளிடம் இந்த வரலாற்றைச் சொல்லும்போது, கடைசி வாயிலில் நின்று தடுத்த தத்தனைப் பற்றி முதலில் சொல்ல எண்ணியிருக்கிறேன்.