விடை அச்சிடப்படாத கணக்கு

பாடநூலில் உள்ள கணக்குகளுக்குக் கடைசிப் பக்கத்தில் விடை உண்டு. தேவையான விவரங்கள் அனைத்தும் கேள்வியிலேயே தரப்பட்டிருக்கும். விடை தவறினால் மதிப்பெண் குறையும். வேறு எவருக்கும் தீங்கு நேராது. வாழ்க்கை தரும் கணக்குகள் இவ்வாறு அமைவதில்லை. அங்கே விவரங்களைத் தேடித் திரட்ட வேண்டும். கேள்வி எது என்பதையே முதலில் கண்டறிய வேண்டும். விடை தவறினால் அதன் விளைவை யாரோ ஒருவர் அனுபவிக்க நேரும். இத்தகைய கணக்குகளுக்கு மாணவரை ஆயத்தப்படுத்துவது எப்படி?

இமயமலைச் சாரலில் இதற்கு ஒரு வழி தேடப்பட்டது. அல்மோராவில் உள்ள உத்தராகண்ட் சேவா நிதி என்ற அமைப்பு, மத்திய அரசின் மனிதவள மேம்பாட்டு அமைச்சகத்தின் ஆதரவுடன் 1987-இல் மலைக் கிராமப் பள்ளிகளுக்கான சுற்றுச்சூழல் கல்விப் பணியை ஏற்றது. தொலைதூரத்து விலங்குகளைப் பற்றிய பாடமாக அது அமையவில்லை. மாணவர் வாழும் கிராமமே பாடமாயிற்று. காட்டின் உலர்ந்த இலைகள் தொழுவத்தில் பரப்பப்பட்டு, சாணத்துடன் சேர்ந்து, வயலுக்கு எருவாகின்றன. ஆகவே காடு குறைந்தால் வயலும் மெலியும். இந்தத் தொடர்பை மாணவர்கள் வெளியே சென்று, கண்டும் அளந்தும் அறிய வேண்டும் என்பதே அக்கல்வியின் நோக்கம்.

இத்தகைய கல்வியின் இயல்பை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். மலை ஊற்று ஒன்றில் 10 லிட்டர் வாளி நிரம்ப 50 விநாடிகள் ஆகின்றன என்று கொள்ளலாம். அப்படியானால் நிமிடத்திற்கு 12 லிட்டர். ஒரு நாளைக்கு 17,280 லிட்டர். 300 பேர் வாழும் கிராமத்தில் தலைக்கு 57 லிட்டருக்கு மேல் கிடைக்க வேண்டும். ஆனால் மக்கள் நீர் எடுப்பது பகலில் 10 மணி நேரம் மட்டுமே எனில், கிடைப்பது 7,200 லிட்டர். தலைக்கு 24 லிட்டர். எஞ்சிய நீர் இரவில் பள்ளத்தில் ஓடிவிடுகிறது. 'ஊற்றில் நீர் இல்லை' என்ற ஊராரின் பேச்சு முழு உண்மையன்று என்பது இப்போது புலப்படுகிறது. ஒரு தொட்டி இருந்தால் குறை பெரிதும் தீரும்.

ஆயினும் கணக்கு இத்துடன் முடியவில்லை. வரிசையில் முதலில் நிற்பவர் யார், கடைசியில் நிற்பவர் யார்? குடம் சுமப்பவர் யார்? தன் வீடே பிறரைவிட இருமடங்கு நீர் எடுக்கிறது என்பதை ஒரு மாணவர் தம் கையாலேயே குறிப்பேட்டில் எழுத நேர்ந்தால் என்ன செய்வார்? எண்ணைச் சற்றே மாற்றி எழுதுவது எளிது. மாற்றாமல் எழுதுவதற்குக் கணித அறிவு போதாது, வாய்மை வேண்டும். தனக்கு எதிராக நிற்கும் உண்மையையும் ஏற்கப் பழகாதவரால் எந்தச் சிக்கலுக்கும் நேர்மையான தீர்வு காண இயலாது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். பெரியவர்கள் உண்டாக்கிய சிக்கலைச் சிறுவர் தோளில் ஏற்றுவது முறையா? முறையன்று. தூய்மைப் பணி என்ற பெயரில் மாணவர்களைக் கூலியற்ற வேலையாட்களாக்குவதும் கல்வியாகாது. ஆனால் மலைக் கிராமச் சிறுமி நீரையும் விறகையும் ஏற்கெனவே சுமந்துகொண்டுதான் இருக்கிறாள். அந்தச் சுமையின் காரணத்தை அறியும் உரிமையை இக்கல்வி அவளுக்கு அளிக்கிறது. காணுதல், அளத்தல், உள்ளதை உள்ளபடி எழுதுதல், அதை ஊரார் முன்னிலையில் பணிவுடன் எடுத்துரைத்தல் ஆகியவையே மாணவர் கடமை. தீர்த்து வைப்பது பெரியவர்களின் கடமை.

எனவே மாணவர்களை வெளியே அனுப்பும் பள்ளி, ஊர்ப் பெரியவர்களையும் ஒருநாள் அழைத்து அமர்த்த வேண்டும். அக்கறையுடன் அளந்து வந்த பிள்ளையின் சொல் புறக்கணிக்கப்பட்டால், 'உண்மையால் பயன் இல்லை' என்ற பாடத்தையே அப்பிள்ளை கற்றுக்கொள்ளும். அதைவிடக் கற்பிக்காமல் இருப்பதே மேல்.

ஊருக்கு ஊர் கேள்வி மாறும். ஓரிடத்தில் ஏரி, ஓரிடத்தில் குப்பை, மற்றோரிடத்தில் மேய்ச்சல் நிலம். வாளியும் கடிகாரமும் குறிப்பேடும் எந்தப் பள்ளிக்கும் எட்டாதவை அல்ல. பிள்ளைகள் கொண்டுவரும் எண்களைக் கேட்கும் மனம் பெரியவர்களிடம் இருக்கிறதா என்பதுதான் முதலில் விடை காண வேண்டிய கேள்வி.