பொறியும் வினையும்

திருவொற்றியூருக்கு வடக்கே எண்ணூர் வரையில் கடற்கரையையொட்டி ஆலைகளும் கிடங்குகளும் நெருங்கி நிற்கின்றன. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் இரவில், எண்ணூரைச் சார்ந்த பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயினின்று அம்மோனியா கசிந்தது. உறங்கிய மக்கள் கண்ணெரிவும் மூச்சுத் திணறலுமுற்றுத் தெருவிற்கு ஓடிவந்தனர். பலர் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டனர். இத்தகைய கேட்டினை முன்னறிந்து உணர்த்துங் காவலைச் செயற்கை நுண்ணறிவினிடம் ஒப்பித்தல் கூடுமென்று இந்நாளில் அறிஞர் கூறுகின்றனர். கூடுமென்பதில் ஐயமில்லை. ஆயின், ஒப்பித்தபின் ஓரிரவு அது வாளாவிருப்பின், அவ்விரவின் வினை யாரைச் சாரும்?

அக்கருவி அறியுமாறு யாதெனின், குழாயின் அழுத்தம், ஓட்டம், வெப்பம் முதலியன நெடுநாள் அளக்கப்பெற்று எண்களாக அதற்கு ஊட்டப்படும். அவற்றுள் ஒருங்கு வருவன இவையெனக் கணித முறையால் தன்னுட் பதித்துக்கொண்டு, புதிய எண் வந்தவழி அது வழக்கத்தினின்று எத்துணை விலகிற்றென்று உரைக்கும். வினாவிற்கு விடையிறுக்குங் கருவிகளும் ஒரு சொல்லின்பின் வரத்தக்க சொல் யாதெனக் கணித்தே பேசுகின்றன.

இஃது உயிரறிவேயாமென்று அஞ்சுவாரும், வெறும் பொம்மையென்று எள்ளுவாரும் உளர். சித்தாந்தம் பயின்றார்க்கு இவ்விரண்டும் வேண்டா. மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்னும் அந்தக்கரணங்களே மாயையின் காரியமாகிய சடம் என்பது நம் துணிபு. மெய்கண்டார் சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரத்தில் உயிரை அரசனாகவும் கரணங்களை அமைச்சராகவும் உவமித்தனர். நிச்சயிக்கும் புத்தியே சடமாயின், அதன் தொழிலில் ஒரு கூற்றினை மணலினின்றெடுத்த சிலிக்கானாற் சமைத்த கருவி செய்தல் பெருவியப்பன்று. சிந்தனையையே ஆன்மாவின் இயல்பெனக் கொண்ட டெக்கார்ட் வழியினர்க்கே இஃது இடர்ப்பாடாம்.

அற்றேல், மக்கள் உணருமுன் கருவி நஞ்சினைக் காட்டுமாயின் அஃது உணர்வாகாதோவெனின், ஆகாது. அது நஞ்சின் அளவைக் குறிக்கும், எரிதல் அதற்கில்லை. அன்றிரவு எரிந்தன பெரியகுப்பத்தார் கண்களே. இன்ப துன்பம் நுகர்வது உயிர், நுகர்வில்லாததற்கு வினையுமில்லை. ஆகலின் வாளாவிருந்த பொறியின் வினை, அதனை அமைத்தாரையும், அஃதுண்டென்று காவல் நெகிழ்ந்தாரையும், செலவஞ்சிப் பழுது நீக்காதாரையும் அவரவர் கருத்தளவிற் சாரும். "கணினி அவ்வாறு கூறிற்று" என்பார் ஓலையெழுதிய எழுத்தாணியின்மேற் குற்றஞ் சாற்றுவாரேயாவர். ஐம்பொறியையும் இயந்திரத்தையும் ஒரு சொல்லாலேயே தமிழர் வழங்கினமை ஈண்டு நினைக்கத்தக்கது.

வினையின் பாரத்தைத் தன்னினின்று பெயர்த்து வைக்கும் எண்ணம் புதிதன்று. இவ்வொற்றியூரிலேயே, சங்கிலியாரைப் பிரியேனென்று சூளுற வேண்டியபொழுது, சுந்தரர் இறைவனைச் சந்நிதி விட்டு மகிழடியில் இருக்குமாறு வேண்டிக்கொண்டனர். இறைவனோ அதற்கு இசைந்தும், மகிழின்கீழே சூளுறக் கொள்ளுமாறு சங்கிலியார்க்குக் கனவில் உணர்த்தினன். பின்னர் ஆரூர்க் காதலால் ஒற்றியூரெல்லை கடந்தவளவில் சுந்தரர் கண்ணொளி மறைந்தது. தம்பிரான் தோழரென்றும் சொல்லின் பயன் அவரை விட்டு மரத்தைச் சார்ந்திலது. வெண்பாக்கத்தில் அவர்க்குக் கிடைத்தது ஊன்றுகோல். (அவ்வூர்ப் பழங்கோயிலிடம் இன்று பூண்டி நீர்த்தேக்கத்துள் உள்ளது, கோயில் வேறிடத்தில் எடுக்கப்பெற்றுளது.) அக்கோலினை அவர் தள்ளினாரல்லர், ஊன்றியே வழி நடந்தனர். கண்ணென்றும் அதனைக் கொண்டிலர். காஞ்சியில் இடக்கண்ணும் ஆரூரில் வலக்கண்ணும் பெறுமளவும் பாடிக் கேட்டுக்கொண்டே சென்றனர்.